ரீஓப்பன்: எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது?

பள்ளி திறக்கும் நேரம் என்பதாலோ என்னவோ, இந்த முறை ஆங்கிலம் பற்றி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பல 'ரீஓப்பன்' என்ற ஒரே வினைச்சொல்லைச் சுற்றியே இருக்கின்றன. அவற்றை மட்டும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப் பள்ளி வாசல் போர்டில் 'ஸ்கூல் வில் பி ரீஓப்பன் ஆன் மண்டே' என்று எழுதியிருக்கிறார்கள். சரி மாதிரியும் இருக்கிறது, தப்பு மாதிரியும் இருக்கிறது. (காரைக்குடி)

தப்புதான். 'பி' வந்துவிட்டால் அதற்குப் பின்னால் வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம் வரவேண்டும்: 'வில் பி ரீஓப்பன்ட்'. இல்லையென்றால் 'பி'யை எடுத்துவிட்டு 'வில் ரீஓப்பன்' என்று எழுத வேண்டும். இரண்டும் சரி. அதில் பாதி, இதில் பாதி எடுத்து ஒட்டியதுதான் போர்டில் இருப்பது.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் மறுபடி வராது. 'திறக்கப்படும்' என்று மனதுக்குள் வைத்துக்கொண்டு எழுதுகிறோம். 'படும்' என்பதற்காக ஒரு 'பி' வந்துவிடுகிறது. 'திறக்க' என்ற பகுதி மாறாமல் அப்படியே நின்றுவிடுகிறது. ஆனால் பேசும்போது நாம் என்ன சொல்கிறோம்? 'கடை நாளைக்குத் திறக்கும்' என்கிறோம். 'முதலாளி கடையைத் திறந்தார்' என்றும் சொல்கிறோம். தானாகத் திறப்பதற்கும், ஒருவர் திறப்பதற்கும் ஒரே 'திற' போதும். ரீஓப்பனும் அப்படியேதான். ஆகவே, 'படும்' இல்லாமல் யோசித்துப் பழகுங்கள்.

திறந்தவர் யார் என்பது முக்கியமாக இருந்தால் 'வாஸ் ரீஓப்பன்ட்' தேவைப்படும். 1967 போரில் மூடிய சூயஸ் கால்வாயை எகிப்து அதிபர் அன்வர் சாதத் 1975 ஜூன் 5 அன்று திறந்துவைத்தார். அங்கே 'த கனால் வாஸ் ரீஓப்பன்ட் பை சாதத்' என்பது பொருத்தம். பள்ளிக்கு அது வேண்டாம். 2025இல் தமிழ்நாட்டில் நடந்ததை 'ஸ்கூல்ஸ் ரீஓப்பன்ட் ஆன் ஜூன் 2' என்றாலே போதும். வரப்போகும் தேதி முடிவாகிவிட்டதென்றால் 'ஸ்கூல் ரீஓப்பன்ஸ் ஆன் மண்டே'. சுருக்கமானது, போர்டுக்கு இதைவிட அழகான வாக்கியம் இல்லை. பள்ளியில் சொல்லித் திருத்தச் செய்யுங்கள். பிள்ளைகள் தினமும் படித்துவிட்டுப் போகும் போர்டு அது. அதில் இருப்பதே அவர்கள் மனதில் பதியும்.

வருஷம் பூராவும் பூட்டிக் கிடக்கும் எங்கள் பூர்வீக வீட்டை மகள் கல்யாணத்துக்காகத் திறக்கிறோம். வெளிநாட்டு நண்பர்களுக்கு 'வி ஆர் ரீஓப்பனிங் அவர் ஹவுஸ்' என்று எழுதினேன். ஒருவர் 'ஹோட்டல் நடத்துகிறீர்களா?' என்று கேட்டிருக்கிறார். என் இங்கிலீஷ் தப்பா? (கானாடுகாத்தான்)

இலக்கணத்தில் பிழை இல்லை. ஆனால் இடங்களைப் பற்றிச் சொல்லும்போது, ரீஓப்பன் பெரும்பாலும் பலர் வந்துபோகும் இடத்துக்கே வரும்: கடை, பள்ளி, அருங்காட்சியகம், சாலை. செட்டிநாட்டில் பழைய வீடுகள் சில ஹோட்டலாகியிருப்பதை அவர் கேள்விப்பட்டிருந்தால், அப்படி நினைத்ததில் வியப்பே இல்லை.

குடும்பம் தன் உபயோகத்துக்காக வீட்டைத் திறப்பதற்கு 'ஓப்பன் அப்' இருக்கிறது. 'வி ஆர் ஓப்பனிங் அப் த ஓல்ட் ஃபேமிலி ஹவுஸ் ஃபார் த வெட்டிங்' என்று எழுதுங்கள். அந்தச் சின்ன 'அப்' நிறைய வேலை செய்கிறது. பூட்டைத் திறப்பதோடு அது நிற்காது. முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை கதவு சன்னலெல்லாம் திறந்து, ஒட்டடை அடித்து, ஆத்தங்குடிக் கல் தரையைக் கழுவித் துடைத்து, பெட்டகத்துப் பாத்திரங்களை வெளியே எடுத்து, பங்காளிகள் வந்து தங்கும்படி செய்வது வரை எல்லாம் அதில் அடங்கும்.

பிற்பாடு அதே வீட்டை நீங்கள் ஹோட்டலாக்கினால், அப்போது 'த ஹவுஸ் ஹேஸ் ரீஓப்பன்ட் ஆஸ் எ ஹோட்டல்' என்று எழுதலாம். 'ஆஸ்' போட மறக்காதீர்கள்; வேறு உருவில் திறக்கிறது என்பதை அதுதான் சொல்கிறது. சாத்திய ஒரு கதவை மறுபடி திறப்பதற்கு 'ஓப்பன் த டோர் அகெய்ன்' போதும்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். பாம்பன் பாலம் 'ரீஓப்பன்ட்' என்று கட்டுரையில் எழுதலாமா? (தேவகோட்டை)

கூடாது. ரீஓப்பன் என்றால் முன்பு திறந்திருந்த அதே பொருள், நடுவில் மூடி, மறுபடி திறந்திருக்க வேண்டும். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று பிரதமர் திறந்துவைத்தது பக்கத்தில் கட்டிய புதிய பாலத்தை. ஆகவே பாலம் 'ஓப்பன்ட்'. ராமேஸ்வரத்துக்கு நின்றுபோன ரயில் போக்குவரத்து 'ரெஸ்யூம்ட்'.

உங்கள் பக்கத்திலேயே சரியான உதாரணம் ஒன்று இருக்கிறது. காரைக்குடி–திருவாரூர் மீட்டர் கேஜ் பாதையை மூடி, அகலப்பாதையாக்கி, திரும்ப ரயில் விட்டார்கள். தண்டவாளம் மாறினாலும் தடம் பழையதுதான். 'த லைன் ரீஓப்பன்ட் ஆஃப்டர் கேஜ் கன்வர்ஷன்' என்று தாராளமாக எழுதலாம்.

ஸ்பெல்லிங்கில் நடுவில் கோடு போட வேண்டுமா? கடைசியில் 'என்' எழுத்து ஒன்றா இரண்டா? (புதுவயல்)

கோடு வேண்டாம், போடுகிறவர்கள் உண்டு, ஆனால் இப்போது சேர்த்து எழுதுவதே வழக்கம். 'ரீஓப்பனிங்', 'ரீஓப்பன்ட்' இரண்டிலும் ஒரே 'என்'தான். உச்சரிக்கும்போது அழுத்தம் 'ஓ'வில் விழுகிறது, கடைசி அசையில் விழுவதில்லை. அதனால் எழுத்து இரட்டிக்காது. 'பிகின்' என்ற சொல்லில் அழுத்தம் கடைசியில் விழுவதால் 'பிகின்னிங்' இரட்டிக்கிறது.

படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பச் சேர்ந்தேன். 'ஐ ரீஓப்பன்ட் மை ஸ்டடீஸ் அகெய்ன்' சரியா? (கோட்டையூர்)

இல்லை. படிப்பு நிற்கும், தொடரும். 'ஐ ரெஸ்யூம்ட் மை ஸ்டடீஸ்' என்று எழுதுங்கள். அப்புறம், ரீஓப்பனுக்குள்ளேயே 'மறுபடியும்' இருப்பதால் பக்கத்தில் 'அகெய்ன்' தேவையில்லை. ஒரு முறை ரீஓப்பன் ஆன கடை திரும்ப மூடி, இரண்டாம் முறையும் திறந்தால் மட்டும் போடலாம்.

பாகப்பிரிவினை பேசி முடித்துக் கையெழுத்தும் ஆகிவிட்டது. ஒரு விளக்கம் கேட்டதற்குச் சித்தப்பா மகன் 'லெட்ஸ் நாட் ரீஓப்பன் ஓல்ட் வூண்ட்ஸ்' என்று மெயில் அனுப்புகிறான். இதற்கிடையில் ஆடிட்டர் 'அசெஸ்மென்ட் ரீஓப்பன் ஆகியிருக்கிறது' என்கிறார். இரண்டும் ஒன்றா? (பள்ளத்தூர்)

இரண்டுக்கும் சம்பந்தமில்லை. தம்பி சொல்வது, ஆறிய புண்ணைக் கிளற வேண்டாம் என்று. கோபமாகச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வருத்தத்தோடும் சொல்லக்கூடிய வாக்கியம் அது. நீங்கள் கேட்டது விளக்கம் மட்டும்தான் என்றால், 'ஐ டோன்ட் வாண்ட் டு ரீஓப்பன் த செட்டில்மென்ட், ஐ ஒன்லி நீட் எ கிளாரிஃபிகேஷன்' என்று பதில் எழுதுங்கள். முடிந்துபோன பேச்சுக்குத்தான் ரீஓப்பன். அதைத் தொடவில்லை என்று அதே சொல்லால் நீங்கள் சொன்னால் அவருக்கும் மனசு ஆறும்.

ஆடிட்டர் சொல்வது சட்டச் சொல். 2026 ஏப்ரலுக்கு முந்தைய வருடங்களுக்கு, 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 147ஆம் பிரிவின் கீழ், வரிக்கு உட்படாமல் விடுபட்ட வருமானம் இருப்பதாகத் தெரிந்தால், முடிந்த ஒரு வருடக் கணக்கைத் திரும்ப எடுக்கலாம். அதற்கான நோட்டீஸ் 148ஆம் பிரிவில் வரும். வழக்கு ரீஓப்பன் ஆவதும் இப்படித்தான்: மறுபடி எடுத்துப் பார்க்கிறார்கள் என்று மட்டுமே பொருள். உங்களுக்கு எதிராக முடிவு செய்துவிட்டார்கள் என்று நினைத்துக் கலங்க வேண்டாம். நோட்டீஸ் எந்த வருடத்துக்கு உரியது, பதில் தரக் கடைசித் தேதி எது என்று முதலில் பாருங்கள். பிரிவினைப் பத்திரத்தையும் அந்த வருடத்து பாங்க் கணக்கையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஆடிட்டரிடம் போய் உட்காருங்கள்.