ரிப்போர்ட் நார்மல்னா எனக்கு ஒண்ணுமே இல்லையா?

கேள்வி: அக்கா, எனக்கு 46 வயசு. கொஞ்ச நாளாவே நடு ராத்திரில உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டி எழுந்துடறேன், அப்புறம் தூக்கமே வர்றதில்ல, பீரியட்ஸ் ஒரு தடவ சீக்கிரமே வந்துடுது, அடுத்த தடவ ரெண்டு மாசம் ஆளையே காணோம், மூட்டு வலி வேற, சும்மா சும்மா அழுகை வருது. ரெண்டு டாக்டரைப் பாத்துட்டேன். ரிப்போர்ட் எல்லாம் நார்மல், டென்ஷனைக் குறைங்கன்னு அனுப்பிட்டாங்க. இதுக்கு மேல எப்படிச் சொல்றது?

பதில்: நீங்க எழுதினதைப் படிச்சா பெரிமெனோபாஸா, அதாவது பீரியட்ஸ் நிரந்தரமா நிக்கற மெனோபாஸுக்கு முன்னாடி வர்ற காலமா, இருக்க நிறையவே வாய்ப்பு இருக்கும்மா, டென்ஷன்னு ஒரே வார்த்தைல அனுப்பினது தப்பு. இந்த சமயத்துல ஹார்மோன் ஒரு நாள் ஏறும், மறுநாள் இறங்கும், அதனால எஃப்எஸ்எச்ங்கற ஹார்மோனை அளக்கற ரத்த டெஸ்ட் இன்னைக்கு நார்மல்னு வந்துச்சுன்னா அன்னைக்கு அந்த நேரத்துல நார்மல், அவ்வளவுதான். 45 வயசு தாண்டினவங்களுக்கு அந்த டெஸ்ட்டை நம்பாம, அறிகுறியையும் பீரியட்ஸ் மாறினதையும் வச்சே முடிவு பண்ணணும்னு பிரிட்டன்ல டாக்டருங்களுக்கு சிகிச்சை வழிமுறை சொல்ற நைஸ் அமைப்போட வழிகாட்டுதல் 2015லயே சொல்லிடுச்சு. தைராய்டு, ஹீமோகுளோபின், இரும்புச்சத்து இதெல்லாம் பாத்தாங்களான்னு மட்டும் கேட்டுக்கோங்க, ஏன்னா அதுலயும் இதே மாதிரி அசதியும் படபடப்பும் வரும்.

அடுத்த தடவ போறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு மாசம் போன்லயே குறிச்சு வைங்க, பீரியட்ஸ் தேதி, எத்தனை தடவ வேர்த்து எழுந்தீங்க, எத்தனை மணி நேரம் தூங்கினீங்கன்னு. உள்ள போனதும் 'ரொம்ப டயர்டா இருக்கு டாக்டர்'னு ஆரம்பிக்காதீங்க, அதைத்தான் அவங்க நாள் பூரா கேக்கறாங்க. 'வாரத்துல பாதி நாள் மூணு மணிக்கு எழுந்துடறேன், வேலைல தப்பு வருது, இது பெரிமெனோபாஸா இருக்குமா, இல்லைன்னா ஏன் இல்லைங்கறீங்க'ன்னு நேராவே கேளுங்க. கேக்கறதுக்குக் கூச்சப்படவே கூடாது, அது உங்க உரிமை. உறவு வச்சுக்கும்போது வறட்சி, எரிச்சல் இருந்தா அதையும் சொல்லுங்க, நாம சொல்லாம அவங்களா கேக்கறது ரொம்ப அபூர்வம். அதுக்குன்னே தனியா மருந்து இருக்கு.

இதுக்குக் குடுக்கற ஹார்மோன் மாத்திரைன்னாலே கேன்சர்னு சில டாக்டருங்களே பயமுறுத்துவாங்க. 2002ல அமெரிக்காவுல வந்த டபிள்யூஎச்ஐங்கற பெண்கள் ஆரோக்கிய ஆய்வுல இருந்து ஆரம்பிச்ச பயம் அது, ஆனா அதுல சேர்ந்தவங்களோட சராசரி வயசே 63, உங்க வயசுக்காரங்க இல்ல. மார்பகப் புற்றுநோய் வந்தவங்க, ரத்தம் உறைஞ்ச வரலாறு இருக்கறவங்க விஷயம் வேற, மத்தபடி 60க்குக் கீழ இருக்கற பெரும்பாலானவங்களுக்கு நன்மைதான் அதிகம்னு இப்போ ஒத்துக்கறாங்க. வேண்டாம்னா ஹார்மோன் இல்லாத மருந்தும் இருக்கு, கேட்டுப் பாருங்க.

ரெண்டு பேர் கேக்கலைன்னா மூணாவதா மெனோபாஸ் சிகிச்சைல அனுபவம் இருக்கற மகளிர் டாக்டரைத் தேடுங்க, முடிஞ்சா கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. ஆனா ஒரு விஷயம், ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனையற அளவுக்கு ரத்தம் போனாலோ, உறவுக்கு அப்புறம் ரத்தம் வந்தாலோ, பீரியட்ஸ் நின்னு ஒரு வருஷம் கழிச்சு திரும்ப ரத்தம் பட்டாலோ குறிப்பு எழுதிட்டு உக்காந்திருக்காதீங்க, உடனே போயி காட்டிடுங்க.