கத்தரி வெயில், பூட்டிய வீடு, பிரஷர் மாத்திரை: மருத்துவர் பதில்கள்

செட்டிநாட்டுக்கு வெயில் புதுசா டாக்டர்? எங்கள் காலத்திலும் மண்டை காய்ந்தது. இப்போது ஏன் இவ்வளவு பேச்சு? (தேவகோட்டை)

பகல் வெயில் பழையதுதான். ஆனால் உலகச் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரிக்கு மேல் போன முதல் ஆண்டு 2024. அதே ஆண்டு தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. என் கவலை இரவைப் பற்றியது. சூடேறிய உடம்பு ராத்திரி ஆறினால்தான் இதயத்துக்கு ஓய்வு. அதுவும் புழுங்கினால் மறுநாள் வெயிலுக்குள் களைப்போடுதான் இறங்குகிறோம்.

அப்பத்தாவுக்கு 78 வயது. பிரஷர் உண்டு. "முற்றத்து வளவுக் காத்து போதும், ஏசி வேண்டாம்" என்கிறார். விடலாமா? (கானாடுகாத்தான்)

அப்பத்தா சொல்வதில் நியாயம் இருக்கிறது. தடித்த சுண்ணாம்புச் சுவரும் உயர்ந்த கூரையும் பகல் சூட்டை நன்றாகவே தடுக்கும். ஆனால் அவர் படுப்பது எங்கே? பிற்பாடு கட்டிய கான்கிரீட் அறை என்றால், அந்தத் தளம் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்கக் கீழே இறக்கும். கட்டிலைப் பழைய கட்டுக்கு மாற்றுங்கள். சன்னலைப் பகலில் சாத்தி, பொழுது சாய்ந்ததும் திறங்கள். 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி அனல்காற்றைத்தான் வீசும். ஈரத்துணியால் அடிக்கடி கை கால் துடைத்துவிடுங்கள்.

பிரஷர் மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகம் பிரியவைப்பவை. வியர்வையும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், பங்குனியிலேயே மருத்துவரிடம் அளவைக் கேளுங்கள். வயதானால் தாகமும் சரியாகத் தெரியாது, கேட்காமலே தண்ணீர் கொடுங்கள். மருத்துவர் தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் அதன்படி.

பக்கத்து வீட்டுக்காரர் சிங்கப்பூரில். வீடு பூட்டிக் கிடக்கிறது. தெருவில் டெங்கு. அந்த வீடு காரணமா? (பள்ளத்தூர்)

இருக்கலாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குக் கண்மாயோ ஊருணியோ தேவையில்லை. முற்றத்து அண்டா, மூடாத தொட்டி, சருகு அடைத்த கூரை வாய்க்கால் போதும். முட்டை காய்ந்த பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஒரு கோடை மழை நனைத்தால் பொரிந்துவிடும். சூடு கூடும்போது கொசுவுக்குள் வைரஸும் வேகமாகப் பெருகும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு மட்டும் கதவைத் திறக்கும் பங்காளிகளே, சாவி வைத்திருப்பவருக்கு வாரம் ஒருநாள் கூலி கொடுத்தாவது இதைச் செய்யச் சொல்லுங்கள்.

கணவர் கட்டட வேலை. வெயிலில் மயங்கினால் காய்ச்சல் மாத்திரை தரலாமா? (ஆத்தங்குடி)

கூடாது, பயனில்லை. உடம்பு கொதித்து, பேச்சு குழறி, ஆள் தெரியாமல் உளறினால் 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் மோர்கூட வேண்டாம். வியர்க்கிறதே என்று அசட்டையாக இருக்காதீர்கள். வேலை செய்பவருக்கு வியர்த்தபடியேயும் வெப்பத்தாக்கு வரும்.