அத்தையைத் தூக்குவது யார் வேலை?

கேள்வி: எனக்கு 53 வயது. மூன்று வருடங்களாக நெஞ்செரிச்சல். நெஞ்சுக்குழியில் அழுத்துவது போன்ற வலி. குனிந்தால் புளித்த தண்ணீர் தொண்டை வரை வருகிறது. இ.சி.ஜி., எக்கோ பார்த்து, இதயத்தில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எண்டோஸ்கோப்பியில் 4 செ.மீ. அளவுக்கு ஹையாட்டஸ் ஹெர்னியா இருக்கிறதாம். காலையில் காப்பி குடித்த பிறகு பான்டோப்ரசோல் மாத்திரை போடுகிறேன். வலி பாதி குறைகிறது. ரத்தம் 9 கிராம்தான் இருக்கிறது, பேரீச்சம்பழம் சாப்பிட்டு வருகிறேன். "லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் செய்யலாம், மாத்திரையிலும் இருக்கலாம், யோசித்துச் சொல்லுங்கள்" என்கிறார் டாக்டர். ஆபரேஷன் செய்தால் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாதாம். பக்கவாதத்தில் படுத்திருக்கும் மாமியாரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறையாவது தூக்கி உட்கார வைக்க வேண்டும். ஓய்வு பெற்ற கணவரும், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மகனும் இருக்கிறார்கள். ஆனால் அத்தைக்கு நான் தூக்கினால்தான் பிடிக்கும். ஆபரேஷன் செய்துகொள்வதா, மாத்திரையிலேயே காலத்தை ஓட்டிவிடுவதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: சகோதரி, ஆபரேஷனா மாத்திரையா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால், போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரியைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. "அத்தைக்கு நான் தூக்கினால்தான் பிடிக்கும்."

யார் சொன்னது? அத்தையா, நீங்களா? உங்கள் கணவர் ஒரு முறையாவது தூக்கிப் பார்த்து, அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாரா? அல்லது நீங்களே முந்திப் போய்த் தூக்கித் தூக்கி, மற்றவர் கை படாமலே போய்விட்டதா? இந்த வகைக் கடிதம் எனக்குப் புதிதல்ல. நோயின் பெயர் மாறும், ஊர் மாறும். "நான் இல்லாவிட்டால் நடக்காது" என்ற வரி மட்டும் தவறாமல் வந்துவிடும். அந்த வரியில் பாரம் பாதி, பெருமை பாதி. "மகளைப் போலப் பார்த்துக்கொள்கிறாள்" என்று உறவுக்காரர்கள் சொல்வதைக் கேட்க உங்களுக்குப் பிடித்திருக்கிறது. நியாயமான பெருமைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெருமைக்கு உங்கள் வயிறு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

எப்படித் தூக்குகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு முழங்காலைக் கட்டிலில் ஊன்றி, அவருடைய இரண்டு அக்குளுக்குள்ளும் கைகளைக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக மேலே இழுப்பீர்கள். நம் வீடுகளில் எல்லாரும் செய்வது அதுதான். மூச்சைப் பிடித்து இழுக்கும் அந்த நொடியில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நெஞ்சையும் வயிற்றையும் பிரிப்பது உதரவிதானம் என்ற தசை. உணவுக்குழாய் அதிலுள்ள ஒரு துளை வழியாகத்தான் கீழே இறங்கி இரைப்பையோடு சேர்கிறது. உங்களுக்கு அந்தத் துளை தளர்ந்து, இரைப்பையின் மேற்பகுதி அதன் வழியே நெஞ்சுப் பக்கம் ஏறி நிற்கிறது. ஹையாட்டஸ் ஹெர்னியா என்பது இதைத்தான். மூச்சைப் பிடித்துக் கனம் தூக்கும்போதெல்லாம் வயிற்றுக்குள் அழுத்தம் கூடுகிறது. இரைப்பையும் அமிலமும் மேலே தள்ளப்படுகின்றன. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை இதைச் செய்துவிட்டு, மாத்திரை போட்டும் வலி பாதிதான் குறைகிறது என்றால் மாத்திரையை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது?

இன்னொன்றும் சொல்கிறேன், இது உங்களுக்குக் கசக்கும். பக்கவாதம் வந்தவரை அக்குளில் கைகொடுத்து இழுக்கவே கூடாது. செயலிழந்த பக்கத்துத் தோளைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருக்கும். இழுத்தால் மூட்டு இறங்கிவிடும், தீராத தோள் வலியும் வரும். பிசியோதெரபிஸ்டுகள் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். ஆக, நீங்கள் தனியாகத் தூக்குவது உங்களுக்கும் கெடுதல், அத்தைக்கும் கெடுதல்.

இருவர் சேர்ந்தால் வேலை எளிது. பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்து அவருடைய தோள் முதல் தொடை வரை அடியில் விரித்துவிடுங்கள். கட்டிலின் இரு பக்கமும் ஒருவர் ஒருவராக நின்று புடவையின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, ஒரே நேரத்தில் மேலே நகர்த்தலாம். அந்த இருவர் உங்கள் கணவரும் மகனும். தலைப்பக்கத்தைக் கைப்பிடி சுற்றி உயர்த்தும் ஆஸ்பத்திரிக் கட்டில் வாடகைக்குக் கிடைக்கிறது. அது வந்துவிட்டால் உட்கார வைக்கத் தூக்கவே வேண்டாம். 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வருகிறவரிடம் தூக்கும் முறையை உங்கள் கணவர் கற்றுக்கொள்ளட்டும். நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டாம்.

மாமியாரை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்று நான் எழுதப் போவதில்லை. பெற்றவர்களைக் கடைசிவரை வீட்டில் வைத்துப் பார்ப்பது கடமை என்று நம்புகிறவள் நான். அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் அந்தக் கடமை முதலில் யாருடையது? அந்த அம்மாள் பெற்ற மகன் அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்க, நேற்று வந்த மருமகள் மட்டும் தூக்குவதற்குப் பெயர் குடும்பப் பண்பு இல்லை. ஆண்பிள்ளைக்குக் கூச்சமாக இருக்கும் என்பீர்கள். துணி மாற்றுவதும் துடைத்துவிடுவதும் உங்கள் கையில் இருக்கட்டும், அதில் அத்தையின் மானமும் இருக்கிறது. தூக்குவதிலும் திருப்பிப் படுக்க வைப்பதிலும் என்ன கூச்சம்? உங்கள் கணவருக்கு நடக்கத் தெரியாத காலத்தில் அந்த அம்மாள் அவரை இடுப்பிலிருந்து இறக்கியிருக்க மாட்டார்.

இனி உங்கள் கேள்வி.

ஆபரேஷன் என்றால் என்ன செய்வார்கள்? மேலே ஏறிய இரைப்பையைக் கீழே இழுத்து, தளர்ந்த துளையைத் தையல் போட்டுக் குறுக்கி, இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயின் அடிப்பாகத்தைச் சுற்றி மடித்துத் தைப்பார்கள். அமிலம் மேலே வராமல் அந்த மடிப்பு தடுக்கும். ருடால்ஃப் நிஸ்ஸென் என்ற அறுவை மருத்துவர் 1956இல் வெளியிட்ட முறை இது. 1991 முதல் இதை லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளைகள் வழியாகவும் செய்கிறார்கள். முழுச்சுற்றாகவும் சுற்றலாம், முக்கால் சுற்றாகவும் சுற்றலாம். உணவுக்குழாய் எவ்வளவு வலுவாகச் சுருங்குகிறது என்று மானோமெட்ரி சோதனையில் பார்த்து, உங்களுக்கு எது பொருந்தும் என்று தீர்மானிப்பார்கள். 24 மணி நேர அமிலச் சோதனையும், பேரியம் குடிக்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரேயும் தேவைப்படலாம். இவை எதுவும் செய்யாமல் தேதி குறித்தால், ஏன் செய்யவில்லை என்று கேளுங்கள்.

நல்ல ஆபரேஷன்தான். ஆனால் செய்த பிறகு சில வாரங்கள் விழுங்குவது சிரமமாக இருக்கும். குழைந்த சாதம், கஞ்சி என்றுதான் போகும். சிலருக்கு ஏப்பம் விட முடியாமல் வயிறு உப்பும். சில ஆண்டுகள் கழித்து மறுபடி மாத்திரைக்குத் திரும்புகிறவர்கள் உண்டு, இரைப்பை மறுபடி ஏறிக்கொள்வதும் உண்டு. ஆறு வாரம் ஓய்வெடுத்துவிட்டு ஏழாவது வாரம் பழையபடி அத்தையைத் தூக்கப் போகிறீர்கள் என்றால், இந்த ஆபரேஷனைச் செய்துகொள்ளாதீர்கள். போட்ட தையலை நீங்களே சோதித்துப் பார்ப்பதாகிவிடும். தூக்கும் வேலையை இன்றே கைமாற்றுங்கள். ஆபரேஷன் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மாத்திரையிலேயே இருப்பதாக இருந்தாலும் அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும். பான்டோப்ரசோலைக் காப்பிக்குப் பிறகு போட்டால் முழுப் பலன் கிடைக்காது. வெறும் வயிற்றில், உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டிய மாத்திரை அது. அமிலத்தைத்தான் அது குறைக்கும், ஏறிய இரைப்பையை இறக்காது. குனிந்தால் மேலே வருவது அதனால்தான் நிற்கவில்லை. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து 15 முதல் 20 செ.மீ. வரை உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிறு இன்னும் அழுந்தும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று மணி நேரம் இருக்கட்டும். உள்பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். இடுப்பில் தடம் விழும் அளவுக்கு இறுக்கினால் அதுவும் இரைப்பையை மேலே தள்ளும். இதை டாக்டர்கள் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

பேரீச்சம்பழத்துக்கு வருகிறேன். கோபம் வருகிறது எனக்கு. பெண்களுக்கு 12 கிராமாவது இருக்க வேண்டிய ரத்தம் உங்களுக்கு 9 கிராம். 53 வயதில் மாதவிடாய் நின்றிருந்தால் அந்த வழியில் ரத்தம் போக இடமில்லை. வேறு எங்கே போகிறது? ஹையாட்டஸ் ஹெர்னியாவில், உதரவிதானம் இரைப்பையை நெரிக்கும் இடத்தில் சிலருக்குக் கீறல்கள் போலப் புண்கள் வரும். அவற்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கலாம். 'காமரன் புண்கள்' என்பார்கள். பெரிய ஹெர்னியாவில் அதிகம் வரும், உங்கள் அளவிலும் வரலாம். தூக்கித் தூக்கி முதுகு வலித்து, மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுகிறீர்கள் என்றால் அதுவும் இரைப்பையைப் புண்ணாக்கும், உடனே நிறுத்துங்கள். அடுத்த முறை போகும்போது, "எனக்கு ஏன் ரத்தம் குறைகிறது?" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் அளவும், மலத்தில் ரத்தம் இருக்கிறதா என்ற சோதனையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயதில் பெருங்குடலையும் பார்த்துவிடுவது வழக்கம், அதற்குப் பயப்படாதீர்கள். இழந்ததை ஈடுகட்ட இரும்புச்சத்து மாத்திரையோ ஊசியோ வேண்டும், பழம் போதாது.

உங்கள் கேள்விக்கு விடையும் இதில்தான் இருக்கிறது. ரத்தம் குறைவது இந்த ஹெர்னியாவால்தான் என்று தெரிந்து, மருந்துக்கும் அது நிற்கவில்லை என்றால் ஆபரேஷனுக்கு வலுவான காரணம் கிடைத்துவிட்டது. காரணம் வேறாக இருந்தால், தூக்குவதை நிறுத்தி, மாத்திரையை நேரத்துக்குப் போட்டு, கட்டிலை உயர்த்தி மூன்று மாதம் பாருங்கள். அப்போதும் புளித்த தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தால் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்பேன். செலவுக்கு அஞ்சினால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா, அதில் இந்தச் சிகிச்சைக்கு இடமிருக்கிறதா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இரைப்பை, குடல் அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. இரண்டாவது கருத்து கேட்க அங்கே போகலாம்.

மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ, விழுங்கியது நெஞ்சில் சிக்கி நின்றாலோ, திடீரென்று மேல்வயிற்றில் கடும் வலி வந்து ஓங்கரித்தும் எதுவும் வெளியே வராவிட்டாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடைசியாகச் சொன்னது வந்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். வியர்வையோடு நெஞ்சு வலித்தால் முன்பு எடுத்த எக்கோவை நம்பி உட்கார்ந்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

உங்கள் கணவருக்கும் இரண்டு வார்த்தை. ஐயா, உங்கள் அம்மாவை நாளைக் காலையிலிருந்து நீங்களும் உங்கள் மகனும் உட்கார வையுங்கள். முதல் இரண்டு நாள் அவர் முகம் சுளிக்கலாம். மகன் கை என்று தெரிந்த பிறகு சுளிக்க மாட்டார்.

சகோதரி, அவர்கள் தூக்கும்போது நீங்கள் அந்த அறையில் நிற்காதீர்கள். "இப்படி இல்லை, அப்படி" என்று சொல்லத் தொடங்கினால் இரண்டாம் நாளே வேலை உங்கள் கைக்கு வந்துவிடும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த ஆறு வாரக் கணக்கை டாக்டர் அவரிடம் சொல்லட்டும்.