சட்டவாதத்திலிருந்து கிருபைக்கு மாறுவது என்றால் என்ன?

விதிகளைக் கைக்கொள்வதால்தான் தேவன் ஒருவரை ஏற்றுக்கொள்கிறார் என்ற எண்ணமே சட்டவாதம். தகுதி பாராமல் கிறிஸ்துவின் நிமித்தம் அவர் ஏற்றுக்கொள்வது கிருபை. கூலியாளைப் போலவே வீட்டுப் பிள்ளையும் வயலில் வேலை செய்கிறது, ஆனால் அந்த வேலை அது உண்ணும் சோற்றுக்கு விலையல்ல.

இந்த மாற்றத்துக்கு ஓர் உதாரணம்: அமெரிக்காவில் ஹெர்பர்ட் ஆம்ஸ்ட்ராங் நிறுவிய உலகளாவிய தேவசபையில் சனிக்கிழமை ஓய்வு, பன்றி இறைச்சித் தடை, பண்டிகைச் செலவுக்கென இரண்டாம் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு), ஏழாண்டுச் சுற்றில் இருமுறை எளியோருக்கென மூன்றாம் தசமபாகம் என எல்லாமே கட்டாயமாக இருந்தன. இவை மோசே வழியாக இஸ்ரவேலருக்குத் தேவன் தந்த பழைய உடன்படிக்கைக்கு உரியவை, கிறிஸ்தவரைக் கட்டுப்படுத்தாதவை என்று 1994 டிசம்பரில் அதன் தலைவர் ஜோசப் டக்காச் அறிவித்தார். கிறிஸ்து செய்து முடித்ததோடு மனிதனும் ஏதாவது சேர்த்தாக வேண்டுமென்றால், எவ்வளவு சேர்த்தால் போதும் என்பது யாருக்கும் தெரியாது என்பதே இந்த மாற்றத்தின் அடிப்படை. பல்லாயிரம் பேர் விலகினர். அத்தனை காலம் தசமபாகம் செலுத்தியவர்களின் கோபம் நியாயமானதே.

கிருபை என்றால் எப்படியும் வாழலாம் எனச் சிலர் கருதுவது தவறு. வேதாகமத்தில் ரோமர் நிருபத்தின் 6ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலன் பவுல் அதை நேரடியாகவே மறுக்கிறார்.