வாசகர் கேள்வி – பதில்: பொரித்த எண்ணெயில் வண்டி ஓடுமா?

கேள்வி: வடை, ரோல்ஸ் பொரித்த தேங்காயெண்ணெய் கடையில் மிஞ்சுகிறது. டீசலோடு பாதிக்குப் பாதி கலந்து லேண்ட்மாஸ்டருக்கு (இருசில்லு உழவு இயந்திரம்) விட்டேன். முதலில் நன்றாகத்தான் ஓடியது. இப்போது காலையில் ஸ்டார்ட் எடுப்பதே பாடு, வெள்ளைப் புகை வேறு. இந்த எண்ணெய் கூடாதா?
– களுவாஞ்சிக்குடி வாசகர்

பதில்: எண்ணெய் நன்றாக எரியும். இன்ஜெக்டர் துளைக்குத்தான் அது தடிப்பு. 40 பாகை செல்சியஸில் டீசலின் பாகுத்தன்மை, அதாவது தடிப்பு, 2 முதல் 4.5 சென்டிஸ்டோக் (தடிப்பை அளக்கும் அலகு). தேங்காயெண்ணெய்க்கு அது 27 அளவில் நிற்கும். நுண்துளியாகத் தூவவேண்டிய நொசில் அதைத் தாரையாகப் பீய்ச்சுகிறது. பெருந்துளி எரிந்து முடிய நேரம் போதாது. அரைகுறையாக எரிந்தது நொசில் நுனியில் கரியாகப் படிகிறது, பிஸ்டன் வளையங்களை ஒட்டவைக்கிறது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்ஜின் ஒயிலைக் கெடுக்கிறது. மார்கழி, தை விடியலில் இன்னொரு தொல்லையும் உண்டு. 24 பாகையளவில் தேங்காயெண்ணெய் உறையத் தொடங்கும், பில்டர் அடைபடும்.

நொசிலைக் கழற்றித் துப்புரவாக்கி, ஒயிலை மாற்றுங்கள். பிறகு கலப்பதை விட்டுவிட்டு இரண்டு தாங்கி வையுங்கள். டீசலில் ஸ்டார்ட் செய்து, எஞ்ஜின் சூடான பின் மூன்றுவழி வால்வால் எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். தண்ணீர்த் தொட்டி வகை எஞ்ஜினென்றால், அந்தத் தொட்டிக்குள் கால் அங்குலச் செப்புக் குழாயை நாலு சுற்றுச் சுற்றி இறக்கி, அதனூடாக எண்ணெயை அனுப்புங்கள். 70, 80 பாகைக்கு வந்துவிடும். அணைக்குமுன் ஐந்து நிமிடம் மறுபடி டீசலில் ஓடவேண்டும். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பஞ்சிப்பட்டால் மறுநாள் குழாய்க்குள் இருப்பது உறைந்த எண்ணெய்தான்.

கேள்வி: பழைய முச்சக்கரவண்டிச் சட்டத்தில் சிறு நீராவி எஞ்ஜின் பூட்டுவது எங்கள் செய்திட்டம். பிரைமஸ் மண்ணெண்ணெய் அடுப்பு மாதிரி, எண்ணெயைக் குழாயில் ஆவியாக்கி எரிக்கும் பேர்னர் செய்து பாவித்த தேங்காயெண்ணெய் விட்டோம். அரை மணித்தியாலத்தில் குழாய் அடைக்கிறது, கண்ணெரிவும் தாங்கமுடியவில்லை.
– மட்டக்களப்பு மாணவர் குழு

பதில்: அந்த பேர்னர் மண்ணெண்ணெய்க்குப் பிறந்தது. மண்ணெண்ணெய் ஏறத்தாழ 150 முதல் 300 பாகைக்குள் முழுதாக ஆவியாகிவிடும். பழைய ஸ்டான்லி நீராவிக் கார்கள் ஓடியதும் இந்த ஆவியாக்கும் முறையில்தான். தாவர எண்ணெய் அப்படிக் கொதித்து ஆவியாவதில்லை. அந்தச் சூட்டில் அது உடைந்து சிதைகிறது. உங்கள் கண்ணை எரிப்பது அப்போது வரும் அக்ரோலின் என்ற காரமான ஆவி, குழாயை அடைப்பது கரி. தாவர எண்ணெய்க்கென்றே செய்யப்பட்டு, பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவில் தேங்காயெண்ணெயோடு பரீட்சிக்கப்பட்ட புரோட்டோஸ் அடுப்பில்கூட ஆவிக்குழாயை அடிக்கடி துப்புரவாக்க வேண்டியிருந்தது. வண்டியில் வைத்து அதைச் செய்து மாளாது.

உங்களுக்குப் பொருத்தமானது அமெரிக்கரான ராபர்ட் பாபிங்டனின் தூவல் முறை. இதில் எண்ணெய் எந்தத் துளைக்குள்ளும் போவதில்லை. உள்ளே வெற்றான பித்தளைக் கதவுக்குமிழ் ஒன்றை எடுத்து, முகப்பின் நடுவில் 0.3 மில்லிமீற்றர் துளை போடுங்கள். அங்கே தகடு தடிப்பென்றால் முதலில் உட்புறமாக மெலிதாக்கிக் கொள்ளவேண்டும். குமிழுக்குள் 10 முதல் 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) அழுத்தத்தில் காற்றுக் கொடுத்து, மேலிருந்து எண்ணெயை வழியவிடுங்கள். குமிழின் மேல் மெல்லிய படலமாகப் பரவும் எண்ணெயைத் துளைக் காற்று கிழித்துப் பனிமூட்டம்போல் தூவும். எஞ்சியது கீழ்த்தட்டுக்கு வடிய, சிறு கியர்ப் பம்பு மேலே ஏற்றும். எண்ணெய் 60, 70 பாகைக்குச் சூடாக இருந்தால்தான் படலம் மெலியும். தடித்த படலத்தைக் காற்று கிழிக்காது, சொட்டுச் சொட்டாகத் துப்பும்.

இனிக் கணக்கு. ஒரு லீற்றர் எண்ணெயில் சுமார் 34 மெகாயூல் வெப்பம் உண்டு. மணிக்கு ஒரு லீற்றர் எரித்தால் 9 கிலோவாற்றுக்குச் சற்று மேல். அதற்கு மணிக்கு 12 கன மீற்றர் காற்று வேண்டும். குமிழ்க் காற்று அதில் சிறு துளிதான், மிச்சத்தைச் சின்ன புளோவர் தரவேண்டும். கொதிகலனின் வினைத்திறன் 70 வீதம், எஞ்ஜினுடையது 8 வீதம் என்று வைத்தாலும் சில்லுக்கு வருவது அரைக் கிலோவாற். ஆள் ஏறி ஓட்ட எண்ணினால் மணிக்கு நாலைந்து லீற்றருக்குத் திட்டமிடுங்கள். ஒரு குமிழ் போதாவிட்டால் இரண்டு வைக்கலாம்.

பெரும்பாலும் பிழைப்பது அடுத்த இடத்தில். தூவல் நன்றாக இருந்தும் கரும்புகை வந்தால், சுவாலை எரிந்து முடிவதற்குள் தண்ணீர்க் குழாயைத் தொடுகிறதா என்று பாருங்கள். நீராவி ஓடும் குழாய் நமக்குச் சூடு, சுவாலைக்குக் குளிர். தொட்ட இடத்தில் எரிதல் நின்று கரி படியும். ஆகவே கொதிகலனுக்கு முன்னால் 10 சென்டிமீற்றர் அகலம், 30 சென்டிமீற்றர் நீளத்தில் எரியறை ஒன்று விடுங்கள். அதன் உட்புறத்துக்கு மூன்று பங்கு உமிச்சாம்பல், ஒரு பங்கு களிமண் குழைத்து இரண்டு விரல் தடிப்புக்குப் பூசலாம். அம்பாறை அரிசி ஆலைகளில் சாம்பலுக்கா பஞ்சம்! அதன் தூசி சிலிக்கா என்பதால் முகக்கவசம் போட்டே குழையுங்கள். காஸ் டோர்ச்சால் மூட்டி, உட்சுவர் சிவந்த பின் எண்ணெயைக் கூட்டுங்கள். வெள்ளைப் புகை என்றால் அறை இன்னும் குளிர். சுவாலை வெடித்து வெடித்து எரிந்தால் எண்ணெயில் தண்ணீர். சூடான தாச்சியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், படபடத்தால் இன்னும் காய்ச்ச வேண்டும்.

கொதிகலனை வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்குக்குத் தண்ணீரால் சோதிக்காமல், பாதுகாப்பு வால்வு பூட்டாமல் நெருப்பு வைக்கவே கூடாது.

கேள்வி: வீட்டில் பயோடீசல் செய்தேன். எல்லாம் சேர்ந்து சவர்க்காரக் கூழாகிவிட்டது. ஏன்?
– அக்கரைப்பற்று வாசகர்

பதில்: பயோடீசல் என்பது எண்ணெயை மெதனோலும் கோஸ்டிக் சோடாவும் சேர்த்து டீசல்போல மாற்றியது. பாவித்த எண்ணெயில் சுயாதீன கொழுப்பமிலம் (எண்ணெயிலிருந்து பிரிந்து நிற்கும் அமிலம்) கூடியிருக்கும். அதை அளக்காமல் கோஸ்டிக் சோடா போட்டாலும், எண்ணெயில் தண்ணீர் இருந்தாலும் சவர்க்காரம்தான். ஒரு லீற்றர் காய்ச்சி வடித்த நீரில் ஒரு கிராம் கோஸ்டிக் சோடாவைக் கரையுங்கள். ஒரு மில்லிலீற்றர் எண்ணெயை 10 மில்லிலீற்றர் ஐசோபுரோபைல் மதுசாரத்தில் கரைத்து, மஞ்சள் தூள் சாறு இரண்டு சொட்டு விட்டு, அந்தக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். நிறம் செம்மை ஏறி நிலைக்க எத்தனை மில்லிலீற்றர் போனதோ, அத்தனை கிராமை 3.5 உடன் கூட்டுங்கள். லீற்றருக்குப் போடவேண்டிய சோடா அதுதான். அளவு ஐந்து மில்லிலீற்றரைத் தாண்டினால் அந்த எண்ணெயை பேர்னருக்குக் கொடுத்துவிடுவது நல்லது.

ஒரு லீற்றர் எண்ணெய்க்கான சோடாவை 200 மில்லிலீற்றர் மெதனோலில் முதலில் கரைத்து, 55 பாகையிலுள்ள எண்ணெயில் ஊற்றி, மூடிய பாத்திரத்தில் ஒரு மணித்தியாலம் கலக்க வேண்டும். 65 பாகையை எட்டினால் மெதனோல் கொதித்துப் போய்விடும். அலுமினியச் சட்டி ஆகாது, சோடா அதைத் தின்னும். மெதனோல் தோலாலும் உடம்புக்குள் போய்க் கண்பார்வையைக் கெடுக்கும், அதன் சுவாலை பகல் வெளிச்சத்தில் தெரியவும் மாட்டாது. கையுறை போட்டு, குசினிக்கு வெளியே செய்யுங்கள். பயோடீசலைக் கழுவிய நீரை வாவியில் விடவேண்டாம்.

கேள்வி: உமியை அடுப்பில் அரைகுறையாக எரித்து எடுக்கும் வாயுவில் வான் ஓட்டலாமா?
– சம்மாந்துறை வாசகர்

பதில்: ஆலைக்குள் நிலையாக நிற்கும் எஞ்ஜினுக்குச் சரி, வானுக்குச் சரிவராது. ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஈடாக நாலு கிலோ அளவில் உமி வேண்டும். அது கிட்டத்தட்ட 40 லீற்றர் இடத்தைப் பிடிக்கும். எரிந்தபின் ஐந்திலொரு பங்கு சாம்பலாக மிஞ்சி அடுப்பின் தொண்டையை அடைக்கும், தார் வால்வில் ஒட்டும். இரண்டாம் உலகப் போரில் வாயுவில் ஓடிய கார்களில் பெரும்பாலும் விறகுத் துண்டும் கரியுமே எரிந்தன. பரீட்சித்துப் பார்க்கத்தான் ஆசையென்றால் சிரட்டைக்கரியை எடுங்கள், தார் மிகக் குறைவு. வாயுவில் ஐந்திலொரு பங்குக்கு மேல் காபன்மொனொக்சைட் இருக்கும், மணமும் கிடையாது. கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு மூட்டிவிடாதீர்கள்.