சபைப் பாட்டுக்கும் சபைப் பெயருக்கும் நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது?

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். நான் ஒரு சிறிய சபையின் செயலாளர். ஞாயிறு ஆராதனையை நாலு வருடமாக யூடியூபில் நேரலை செய்கிறோம். போன மாதம் இரண்டு வீடியோக்கள் நீக்கப்பட்டு, சேனலுக்கு இரண்டு ஸ்ட்ரைக் (பதிப்புரிமை மீறலுக்கு யூடியூப் தரும் எச்சரிக்கை) விழுந்துவிட்டது. பிறகு ஒரு இசை நிறுவனம், அவர்கள் பாடல்களைச் சேனலிலிருந்தும் நாங்கள் அச்சடித்த பாட்டுப் புத்தகத்திலிருந்தும் எடுக்க வேண்டும், நஷ்ட ஈடும் தர வேண்டும் என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. அதே வாரத்தில் இன்னொரு ஊழியத்தாரிடமிருந்தும் நோட்டீஸ். எங்கள் சபையின் பெயர் அவர்களுடைய பதிவு பெற்ற டிரேட்மார்க்காம், 15 நாளில் பெயரை மாற்ற வேண்டுமாம். வேதத்திலிருந்து எடுத்த அந்த இரண்டு சொற்களை நாங்கள் 2011 முதல் பெயராக வைத்திருக்கிறோம். அவர்கள் பதிவு செய்து மூன்று வருடம்தான் ஆகிறது. இதற்கிடையில், எங்களோடு இருந்து பிரிந்து போன கீபோர்டு வாசிக்கும் சகோதரர், ஆறு பாடல்களின் மெட்டு தன்னுடையது, இனி பாடக் கூடாது என்கிறார். போதகர், “தேவனுக்குப் பாடும் பாட்டுக்கு மனுஷன் எப்படி உரிமை கொண்டாடலாம்? பதில் போட வேண்டாம், ஜெபிப்போம்” என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: போதகர் ஐயாவின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் அவரிடம் மரியாதையோடு சொல்லுங்கள்: பதில் போடாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். நோட்டீசுக்குப் பதில் இல்லை என்றால், எதிர்த்தரப்பு அதையே நீதிமன்றத்தில் காட்டி, உங்களை விசாரிக்காமலே இடைக்காலத் தடை கேட்கும். இரண்டு நோட்டீசுக்கும் தனித்தனியாகப் பதில் போக வேண்டும். வழக்கு வரக்கூடிய நீதிமன்றத்தில் ஒரு கேவியட் மனுவும், அதாவது எங்களைக் கேட்காமல் உத்தரவு போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லும் மனுவும், போட்டு வையுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 148-ஏ பிரிவின்படி அது 90 நாள் செல்லும். அதுவரை உங்களுக்குத் தகவல் சொல்லாமல் உத்தரவு வாங்குவது கடினம்.

சரி, பாட்டு விஷயத்துக்கு வருவோம். போதகர் சொல்வதில் சட்டத்துக்கும் உடன்பாடான ஒரு பகுதி இருக்கிறது. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் இசட்-ஏ என்று ஒரு உட்பிரிவு உண்டு. உண்மையான மதச் சடங்கின்போது ஒரு பாடலைப் பாடுவதும், ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்க வைப்பதும் பதிப்புரிமை மீறல் ஆகாது என்கிறது அது. ஆகவே ஞாயிறு ஆராதனையில், திருவிருந்தில், திருமணத்தில் யாருடைய பாட்டைப் பாடினாலும் எந்த நிறுவனமும் உங்களைத் தடுக்க முடியாது. இதைச் சபையாரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பயந்துபோய்ப் பாடுவதையே நிறுத்திவிட்ட சபைகளைப் பார்த்திருக்கிறேன், அது தேவையில்லாத பயம்.

ஆனால் அந்தச் சலுகை பாடுவதற்கும் கேட்க வைப்பதற்கும்தான். பிரதி எடுப்பதற்கு இல்லை. நம்மில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். பாட்டுப் புத்தகம் அச்சடிப்பது பிரதி எடுப்பது. ஆராதனையைப் பதிவு செய்து சேனலில் என்றைக்கும் நிற்கும்படி வைப்பதும் பிரதிதான். நேரலைக்கு மட்டும் அந்தச் சலுகை பொருந்தும் என்று வாதாட இடம் இருக்கிறது, நானும் வாதாடுவேன். நேரலை முடிந்து அதே வீடியோ மாதக்கணக்கில் சேனலில் கிடக்கும்போது அந்த வாதம் பலம் இழந்துவிடுகிறது. ‘ஊழியத்துக்குத்தானே, லாபத்துக்கு இல்லையே’ என்பதும் முழுப் பாதுகாப்பு தராது. முன்பு அமெரிக்காவில் ஒரு தேவாலயப் பாடகர் குழுத் தலைவர், ஒரு பாடலைத் தன் குழுவுக்கு ஏற்றபடி மாற்றி எழுதி, பிரதி எடுத்துக் கொடுத்தார். மீறவேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. 1962-லேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மீறல் என்றுதான் சொன்னது, சபையும் பொறுப்பு என்றது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. என்றாலும் நம் சட்டமும் இந்த விஷயத்தில் அதே வழியில்தான் போகிறது.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பதிப்புரிமை மீறல் இங்கே குற்றமும்கூட. 63-ஆம் பிரிவின்படி தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபார ஆதாயத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். இது போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பிரிவில் முக்கியமான சொல் ‘தெரிந்தே’. நோட்டீஸ் வரும்வரை தெரியாது என்று நீங்கள் சொல்லலாம். வந்த பிறகு சொல்ல முடியாது. அதனால் பாட்டுப் புத்தகத்தின் அடுத்த பதிப்பை இப்போதைக்கு நிறுத்துங்கள். கையிருப்பில் உள்ளவற்றை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

அப்புறம் ஒரு மாலை உட்கார்ந்து, புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு பாடலுக்கும் எழுதியவர் யார், அவர் எப்போது இறந்தார் என்று பாருங்கள். நம் நாட்டில் எழுதியவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் 60 வருடம் உரிமை இருக்கும். 1965-ல் இறந்த ஒருவரின் பாடல் 2025 டிசம்பர் 31-ஓடு பொதுச்சொத்து ஆகிவிடும். வேதநாயகம் சாஸ்திரியார் 1864-லேயே காலமானவர். அவருடைய கீர்த்தனைகளை யாரும் அச்சடிக்கலாம், பாடலாம், ஒளிபரப்பலாம். ஆங்கில ஆராதனைப் பாடல்களை நீங்களே தமிழாக்கிச் சேர்த்திருந்தால் அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். வார்த்தை உங்களுடையது என்றாலும் மொழிபெயர்க்கும் உரிமை மூலப் பாடலின் உரிமையாளருடையது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாடல் பழையது என்றாலும் அதன் இன்றைய ஒலிப்பதிவு புதியது. ஒரு பாடகர் இப்போது இசையமைத்துப் பாடிய கீர்த்தனையின் டிராக்கை நீங்கள் ஓடவிட்டு, அதன் மேல் பாடியிருந்தால், அந்தப் பதிவுக்கு நிறுவனத்தின் உரிமை உண்டு. உங்கள் சபையார் தங்கள் வாத்தியங்களோடு தாங்களே பாடியிருந்தால் அந்த நிறுவனத்துக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே நீக்கப்பட்ட இரண்டு வீடியோக்களில் எந்தப் பாட்டு, யாருடைய இசை என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஒன்று பழைய கீர்த்தனையாக, உங்கள் சொந்த வாசிப்பாக இருந்தால், அந்த ஒன்றுக்கு மட்டும் யூடியூபிடம் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். அதன்பின் 10 வேலை நாட்களுக்குள் வழக்குப் போட்டதை அவர்கள் காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வரும். அந்த மனுவில் நீங்கள் சத்தியப் பிரமாணமாகக் கையெழுத்து இடுகிறீர்கள். சந்தேகம் உள்ள வீடியோவுக்கு அதைத் தொடவே தொடாதீர்கள்.

90 நாளுக்குள் மூன்றாவது ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடும், நாலு வருடப் பிரசங்கங்களும் அதோடு போகும். இன்றைக்கே எல்லா வீடியோக்களையும் தரவிறக்கி ஒரு ஹார்டு டிஸ்கில் வையுங்கள். பிறகு சேனலில் உள்ளவற்றில் பாட்டுப் பகுதியை வெட்டிவிட்டுப் பிரசங்கத்தை மட்டும் விடுங்கள். ஸ்ட்ரைக் விழுந்த வீடியோவை நீங்களே அழித்தாலும் ஸ்ட்ரைக் போகாது, அதனால் அவசரப்பட்டு எதையும் அழிக்க வேண்டாம்.

இசை நிறுவனத்துக்கான பதிலில் சண்டை வேண்டாம். ஆராதனையில் பாடுவதற்குச் சட்டம் தரும் பாதுகாப்பை முதலில் எழுதுங்கள். புத்தகத்தையும் வீடியோக்களையும் நிறுத்தி வைத்திருப்பதைச் சொல்லுங்கள். எந்தெந்தப் பாடலுக்கு அவர்கள் உரிமையாளர், யார் அந்த உரிமையை எழுதிக் கொடுத்தார் என்று ஆவணத்தோடு காட்டச் சொல்லுங்கள். இது முக்கியம். பாடல் எழுதியவர் பாட மட்டும் அனுமதித்திருப்பார், நிறுவனம் எல்லா உரிமையும் தனக்கே என்று நினைத்துக்கொண்டிருக்கும். 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் எழுதப்படவில்லை என்றால் 5 வருடம்தான் செல்லும். கடைசியாக, நியாயமான கட்டணத்தில் அனுமதி வாங்கத் தயார் என்று எழுதுங்கள். பெரும்பாலான நிறுவனங்களுக்கு வேண்டியது அதுதான்.

அடுத்தது பெயர். இதில் உங்கள் நிலை நீங்கள் நினைப்பதைவிட நல்லது. டிரேட்மார்க் பதிவு இருந்தாலே எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். 1999-ஆம் வருட வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, முன்பிருந்தே பயன்படுத்தி வருபவரைப் பதிவு பெற்றவர் தொந்தரவு செய்ய முடியாது என்கிறது. இருட்டுக்கடை அல்வா வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் இதையேதான் சொன்னது: முன்பே பயன்படுத்தியவரின் உரிமை, பின்னால் பதிவு செய்தவரின் உரிமையைவிட மேலானது.

ஆனால் ஒரு நிபந்தனை. அவர்கள் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கிய நாள், பதிவு நாள், இந்த இரண்டில் எது முந்தியதோ, அதற்கும் முன்பே நீங்கள் தொடங்கியிருக்க வேண்டும். மூன்று வருடம் முன்பு பதிவு என்பதை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். டிரேட்மார்க் பதிவகத்தின் இணையத் தேடலில் அவர்கள் விண்ணப்பத்தை எடுத்துப் பாருங்கள். எந்தத் தேதியிலிருந்து பயன்படுத்துகிறோம் என்று அவர்களே எழுதியிருப்பார்கள். எந்த வகுப்பில், அதாவது எந்த வகைப் பொருளுக்கு அல்லது சேவைக்கு, பதிவு என்பதையும் பாருங்கள். மத ஆராதனைச் சேவை 45-ஆம் வகுப்பு, புத்தகம் 16, பயிற்சியும் மாநாடும் 41. அவர்கள் புத்தகத்துக்கு மட்டும் பதிவு செய்திருந்தால் உங்கள் சபைப் பலகையை எதிர்ப்பது கடினம். சட்டம் ‘வணிகப் போக்கில்’ பயன்படுத்துவதைத்தான் மீறல் என்கிறது. ஞாயிறு ஆராதனை வியாபாரமா என்ற கேள்வியைக் கட்டாயம் எழுப்ப வேண்டும். நீங்கள் சிடி விற்றாலோ, கட்டணம் வாங்கி முகாம் நடத்தினாலோ அந்தப் பகுதி பலவீனமாகும்.

வேதத்தின் சொல்லை ஒருவர் தனக்கென்று வளைத்துக்கொள்ள முடியுமா என்ற கேள்வியும் உங்களுக்கு இருக்கும். ‘ராமாயணம்’ என்ற பெயரை ஊதுபத்திக்குத் தனி உரிமையாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் மறுத்தது. புனித நூலின் பெயர் யாருக்கும் ஏகபோகமாக முடியாது என்பது அதன் சாரம். வேதச் சொற்களுக்கும் இதே வாதத்தை வைக்கலாம். ஆனால் வேதத்தின் பெயர் வேறு, வேதத்தில் வரும் ஒரு சொற்றொடர் வேறு. லோகோவோ கூடுதல் சொல்லோ சேர்ந்தால் பாதுகாப்புக் கிடைக்கவும் செய்யும். ஆகவே இந்த வாதம் துணைக்கு இருக்கட்டும். உங்கள் முதல் பலம் 2011 முதல் நீங்கள் இந்தப் பெயரில் இருக்கிறீர்கள் என்பதுதான்.

அதற்குச் சான்று சேகரியுங்கள். டிரஸ்ட் பத்திரம் அல்லது சங்கப் பதிவு, வங்கிக் கணக்கு தொடங்கிய கடிதம், சபைப் பெயரில் வந்த மின் கட்டண ரசீது, பலகை தெரியும் பழைய புகைப்படம், தொடக்க ஆராதனைக் கைப்பிரதி, சேனல் தொடங்கிய தேதி எல்லாம் உதவும். பலர் மறந்துவிடுகிற ஒன்று திருமணப் பதிவேடு. உங்கள் போதகருக்கு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் 1872-ன்படி உரிமம் இருந்தால், அவர் நடத்திய திருமணங்களின் நகல் அரசுப் பதிவாளரிடம் போயிருக்கும். அதில் சபைப் பெயர் இருந்தால், பிற்பாடு உருவாக்கியது என்று யாரும் சொல்ல முடியாத சாட்சி அது. சான்று உறுதியாக இருந்தால், அவர்கள் பதிவையே நீக்கக் கோரி 57-ஆம் பிரிவில் பதிவாளரிடமோ உயர் நீதிமன்றத்திலோ மனுப் போடவும் வழி இருக்கிறது.

அப்படியே அவர்கள் உங்களுக்கு முன்பே தொடங்கியிருந்தது தெரிய வந்தால், நான் வழக்கை இழுக்கச் சொல்ல மாட்டேன். அவர்களுக்குப் போக வேண்டிய காணிக்கை உங்களுக்கு வருகிறதா, உங்கள் விசுவாசிகள் குழம்புகிறார்களா என்று நேர்மையாகக் கேட்டுப் பாருங்கள். குழப்பம் இருந்தால் பெயரோடு ஒரு சொல்லைச் சேர்த்து, லோகோவை மாற்றி, எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். அவசரத் தடை கேட்காத வணிக வழக்குகளில் முன்கூட்டியே சமரசப் பேச்சு நடத்த வேண்டியது வணிக நீதிமன்றச் சட்டப்படி கட்டாயம். நீங்களே பதிலில் சமரசத்துக்கு அழைத்துவிடுங்கள். இதற்கிடையில் பிரசங்க மேடையிலோ சேனலிலோ அவர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். அவதூறு வழக்கு நாலாவது பிரச்சினையாக வந்து சேரும்.

இந்த மூன்றில் எனக்கு அதிகம் கவலை தருவது நோட்டீஸ் அனுப்பாத அந்தக் கீபோர்டு சகோதரர்தான். சட்டப்படி அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. நம் சட்டத்தில் பாட்டின் வார்த்தை ஒரு படைப்பு, இசை இன்னொரு படைப்பு. வார்த்தையைப் போதகர் எழுதியிருந்தால் அது அவருடையது. மெட்டு போட்டவர் மெட்டுக்கு உரிமையாளர். சம்பள வேலையில் இருந்துகொண்டு அந்த வேலையின் பகுதியாகப் போட்டிருந்தால் சபைக்குச் சேரும், பயணப்படி கொடுத்தோம் என்பது சம்பளம் ஆகாது. நீங்கள் ஆராதனையில் அந்தப் பாடல்களைத் தொடர்ந்து பாடலாம், முன்பு சொன்ன சலுகை இதற்கும் உண்டு. அவர் அனுமதி இல்லாமல் ஆல்பமாகவோ வீடியோவாகவோ வெளியிட முடியாது. உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும் மெட்டு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57-ஆம் பிரிவின்படி அவரிடமே இருக்கும். இது பதிப்புரிமைச் சட்டத்தின் 57, டிரேட்மார்க் சட்டத்தின் 57 இல்லை.

அந்த ஆறு பாடல்களின் வீடியோவில் அவர் பெயர் எங்காவது வந்ததா? என் அனுபவத்தில் இந்த மாதிரித் தகராறில் பாதி, பெயர் போடாததில்தான் தொடங்குகிறது. போதகர் ஐயாவே நேரில் போய்ப் பேசட்டும். சகோதரருக்குச் சகோதரர் நீதிமன்றம் போகிறீர்களே, உங்களுக்குள் தீர்த்து வைக்க ஒரு ஞானியும் இல்லையா என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை அவருக்கு நான் நினைவுபடுத்தத் தேவையில்லை. பெயர் போடுகிறோம், வரும் வருமானத்தில் பங்கு தருகிறோம், சபை பாடவும் ஒளிபரப்பவும் நீங்கள் அனுமதி தாருங்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அதில் எத்தனை வருடம், எந்த நாடுகளில் என்பதையும் எழுத மறக்காதீர்கள்.

நோட்டீஸ்களோடு அவை வந்த உறைகளையும் பத்திரமாக வையுங்கள். 15 நாள் கணக்கு எந்த நாளிலிருந்து என்று பின்னால் கேள்வி வந்தால், அந்த அஞ்சல் முத்திரைதான் பதில் சொல்லும்.