புகைப்படத்தில் புகை எங்கே?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சான் அங்குள்ள குளிர்காலக் காட்சிகளையும், சனங்கள் ஸ்னோவுக்குள் வேலைக்குப் போவது, பஸ்ஸுக்கு நிற்பது போன்ற அன்றாட வாழ்க்கையையும் புகைப்படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறார். பார்க்க ஆசையாக இருக்கிறது. நம்முடைய மட்டக்களப்பு நகரத்திலும் குளிர்காலப் புகைப்படம் எடுக்க முடியுமா? என்ன கமரா வாங்கலாம்?
— ஆரையம்பதியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: கமராவும் குளிரும் கொஞ்சம் நிற்கட்டும். ‘புகைப்படம்’ என்று இரண்டு தரம் எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பக்கத்தை நெடுநாளாக வாசிப்பவர்களுக்கு இப்போதே சிரிப்பு வந்திருக்கும்.

அந்தச் சொல்லை நான் இந்தச் சஞ்சிகைக்குள் விட்டதில்லை. படத்தில் புகை எங்கே இருக்கிறது என்பது என் கேள்வி. ‘ஒளிப்படம்’ என்றுதான் அச்சடிப்போம். என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ‘நிழற்படம்’ கட்சி. ஒளி இல்லாமல் படம் விழாது என்பேன். நிழல் இல்லாவிட்டால் விழுந்தது வெறும் வெள்ளைக் கடதாசி என்பார். தகராறு முற்றி, ஒரு கலியாண வீட்டில் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பந்தலின் இரண்டு மூலைகளில் இருந்தோம். சாப்பாடும் வேறு வேறு பந்தி. கடைசியில் கமராக்காரப் பொடியன் வந்து, “ஐயாமார் ரெண்டு பேரும் கிட்ட நில்லுங்க, போட்டோ எடுக்கணும்” என்றான். நின்றோம். அந்தப் படத்தில் எங்களுக்கு நடுவில் இன்னோர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் இருக்கிறது. அந்த இடைவெளியை நான் ஒளி என்கிறேன், அவர் நிழல் என்கிறார்.

இப்படியெல்லாம் சண்டை பிடித்த நான் போன மார்கழியில் புகைக் கட்சிக்குத் தாவிவிட்டேன். நடந்தது வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில். மூன்று நாள் விடாமல் பெய்த மழை நாலாம் நாள் பொழுதுபட விட்டது. இரவு வானம் வெளித்து நட்சத்திரம் தெரிந்தது. விடிய எழும்பிப் பார்த்தால் எல்லாக் குசினியிலும் ஈர விறகு. கூரையால் வெளியே வந்த புகை மேலே போகவில்லை. வேலி உயரத்துக்கு வந்து அப்படியே படுத்துவிட்டது. வெளித்த இரவில் நிலம் தன் சூட்டை விட்டுவிடும். நிலத்தை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப்போகும். அதற்கு மேலே சூடான காற்று மூடி போட்டது போல் இருக்கும். புகைக்கு ஏறிப்போக வழியில்லை. அதற்குள் நின்று ஒரு பெண் முற்றத்துத் தண்ணீரை ஈர்க்கு விளக்குமாற்றால் வாய்க்காலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். வெயில் அவருக்குப் பின்னாலிருந்து வந்ததால் புகை முழுக்க வெளிச்சம் பிடித்துக்கொண்டது. எடுத்தேன். சரி, இதுதான் புகைப்படம். (நண்பருக்கு இன்னும் சொல்லவில்லை. இதை வாசித்துத்தான் அறியப் போகிறார்.)

பின்னேரத்தில் கச்சான் (நிலக்கடலை) வறுக்கிற வண்டிலிலும் நல்ல புகை கிடைக்கும். ஆடியில் அடிக்கும் கச்சான் காற்றில் மட்டும் கச்சான் வறுக்க அடுப்பு நின்று எரியாது. ஒரே பேரை வைத்துக்கொண்டு இரண்டுக்கும் இந்தப் பகை.

இனி உங்கள் குளிர். மட்டக்களப்பில் மார்கழி இரவு எவ்வளவு குளிர்ந்தாலும் வெப்பமானி இருபது பாகைக்கு மேலேதான் பெரும்பாலும் நிற்கும். அந்தக் குளிரில் உங்கள் மச்சான் அரைக் காற்சட்டையோடு கடற்கரைக்குப் போவார். நாங்கள் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, பனி பிடிக்கும் என்று பிள்ளைகளைப் படலைக்கு வெளியே விடுவதில்லை. உறைபனி வேண்டுமென்றால் நுவரெலியாவுக்குப் போங்கள், தை, மாசி விடியலில் புல் நுனியில் இருக்கும். நமக்கு இருப்பது மாரி. ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் வடகீழ்ப் பருவக்காற்று கொண்டுவந்து கொட்டுவதுதான் நம் வருடத்து மழையில் பெரும் பங்கு. குளிர்காலத்தைத் தேடாமல் மாரியைத் தேடினால் உங்கள் போனில் இடம் காணாது.

மச்சானுக்கு இருக்கும் கரைச்சல் உங்களுக்குத் தலைகீழாக வரும். எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்ப்பது கமராவின் குணம். ஸ்னோவைக் காட்டினால் வெளிச்சம் கூடிப்போச்சு என்று குறைத்து, ஸ்னோவையே அழுக்காக்கிவிடும். அதனால் அங்கே ஒன்று, ஒன்றரை ஸ்டொப் (கமராவில் வெளிச்சத்துக்கான அளவு) கூட்டி எடுப்பார்கள். இங்கே மழை இருட்டில் நனைந்த தார் வீதியைக் காட்டினால், ஐயோ இருட்டு என்று வெளிச்சத்தைக் கூட்டி, கறுத்த வீதியைப் பழைய சாரம் மாதிரி வெளுக்கப் பண்ணிவிடும். குறையுங்கள். அங்கே வெளிக் குளிரிலிருந்து வீட்டுக்குள் வந்தால் லென்ஸ் வியர்க்கும்; இங்கே ஏசி அறையிலிருந்து வெளியே வந்தால் வியர்க்கும். துடைத்து முடிப்பதற்குள் தோணி போய்விடும். கமராவைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியில் இருந்து பழகவிடுங்கள்.

மாரி ஈரம் பொல்லாதது. என் பழைய யாசிக்கா கமராவின் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்து, வாசலில் கோலம் போட்டது மாதிரி இருக்கிறது. அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தால் ஈரத்தை இழுத்துவிடும் என்று ஒருவர் சொன்னார். தவிடு உள்ளே போனதுதான் மிச்சம். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

1893 பெப்ரவரி 22ஆம் திகதி, நியூயோர்க் ஐந்தாம் அவெனியூவில், அல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் என்பவர் ஸ்னோப் புயலுக்குள் மூன்று மணித்தியாலம் காத்து நின்று, எதிரே வரும் குதிரை வண்டியைப் படம் எடுத்தார். இன்றும் பேசப்படுகிற படம். மூன்று மணித்தியாலம்! நம் சந்தை வாசலில் மழைக்குள் பத்து நிமிடம் நின்று பாருங்கள். “என்ன மனே, ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்க?” என்பார் ஒருவர். “குடை இல்லையா?” என்பார் இன்னொருவர். மூன்றாமவர் உங்கள் தகப்பனைத் தெரிந்தவராக இருப்பார். தேத்தண்ணிக் கடைக்குள் கூட்டிப்போய்விடுவார். ஸ்டீக்லிட்ஸ் மட்டக்களப்பில் பிறந்திருந்தால் அந்தப் படம் இருந்திராது, வயிற்றில் ஆறு தேத்தண்ணி இருந்திருக்கும். கூப்பிட்டால் போங்கள். தகரத்துக்குக் கீழே உள்ளிருந்து வெளியே பார்த்து எடுத்தால் கமரா நனையாது. தொங்கும் வாழைக்குலை, கேத்தல் ஆவி, எதிர்ப்பக்கத்தில் பொலித்தீன் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சைக்கிள் ஓடும் ஆள். மச்சானுக்கு அனுப்ப இது போதாதா?

கல்லடிப் பாலத்தை மட்டும் விட்டுவிடுங்கள். 1924இல் திறந்த பாலம், நூறு வயது தாண்டிவிட்டது, 2013இல் பக்கத்தில் புதிய பாலமும் வந்துவிட்டது, பாவம், அது இளைப்பாறட்டும். யுத்த காலத்தில் ஒரு சோதனைச் சாவடியில் என் கமராவின் முதுகைத் திறந்து பிலிமை வெயிலுக்குக் காட்டினார்கள். முப்பத்தாறு படமும் போயிற்று. அன்று எடுக்க முடியாததை இன்று எல்லோரும் சேர்ந்து எடுத்துத் தீர்க்கிறார்கள், விளங்குகிறது. ஆனால் நான் நடுவராக இருந்த ஒரு போட்டிக்கு வந்ததில் பாதிக்கு மேல் இந்தப் பாலம்தான். அதே அந்தி, அதே வளைவு, செம்மஞ்சளை மட்டும் ஆளாளுக்கு ஏற்றியிருந்தார்கள். அந்தப் பாலத்தடியில் மீன் பாடும் என்பது ஊர்ப் பேச்சு. ஒரே ஒருவர் கருவாட்டுக் கடையை எடுத்து ‘பாடும் மீன்’ என்று பெயர் போட்டு அனுப்பியிருந்தார். முதல் பரிசு அவருக்கு என்றேன். மற்ற நடுவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

நீங்கள் ஆரையம்பதிக்காரர், மண்முனைப் பாலம் பக்கத்தில் இருக்கிறது. 2014இல் அது வரும் மட்டும் பாதையில்தான் கடந்திருப்பீர்கள். வெளியூர்க்காரருக்குச் சொல்கிறேன்: பாதை என்றால் எங்களுக்கு ஆற்றைக் கடக்கிற மிதவை. மோட்டார் சைக்கிள், தயிர்ச் சட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒரு கன்றுக்குட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அது நகரும். குறுமண்வெளியிலிருந்து மண்டூருக்கு அப்படிப் போனவர்களுக்கு அந்த மழைநாள் முகங்கள் தெரியும். காலையில் பாலத்தால் படுவான்கரைக்குப் போய்க் கிழக்கே பார்த்து எடுங்கள், தண்ணீருக்கு மேலால் சூரியன் வரும். மாலையில் உங்கள் கரைக்குத் திரும்பி மேற்கே பாருங்கள். உங்கள் கிழக்குக் கரைக்கு எழுவான்கரை என்று பேர். ஆனால் எழுவானில் எழுகிற சூரியனைப் பார்க்கப் படுவானில் நிற்கவேண்டும். பேர் வைத்தவர்கள் படம் எடுக்கிறவர்களைக் கேட்டு வைக்கவில்லை.

எங்கள் வீட்டு அல்பத்தைப் பாதி 1978 நவம்பர் 23 சூறாவளி கூரையோடு கொண்டுபோனது. மிச்சத்தை 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனது. கலியாணப் படங்களை உறவுக்காரரிடம் கேட்டு வாங்கிவிட்டோம். அவர்களிடமும் பிரதி இருந்தது. அம்மா மழைக்குள் விறகு பொறுக்கியதை யாரும் எடுத்து வைத்திருக்கவில்லை.

கமரா கேட்டீர்கள். கையிலிருக்கும் போன் போதும். காசு இருந்தால் பெரிய குடை ஒன்று வாங்குங்கள், அதைப் பிடிக்க மச்சானின் தம்பியைக் கூட்டிப்போங்கள். படத்தில் இருக்கிற ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். நான் கொடுக்கவில்லை. மூன்று மாரிக்கு முன் சந்தையில் கீரை விற்கும் ஓர் அம்மா, சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு, இண்டைக்குக் கீரைக்குத் தண்ணி தெளிக்கத் தேவையில்லை என்று சிரித்ததை எடுத்தேன். இந்தச் சஞ்சிகையின் அட்டையிலும் வந்தது. பிரதி தருகிறேன் என்று வாய் விட்டேன். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் “என்ட படம் எங்க மனே?” என்கிறார். (கவனியுங்கள்: ஒளியும் இல்லை, நிழலும் இல்லை, புகையும் இல்லை.) நான் “மறுகா கொண்டுவாறன்” என்கிறேன். எனக்குத் தருகிற கீரைக்கட்டு மட்டும் மாரிக்கு மாரி மெலிந்துகொண்டு போகிறது.